ஓடிபி டீச்சர்

ஜூன் 3, செவ்வாய்

கேஸ் தீர்ந்து இரண்டு நாள் ஆகிறது. இன்றுதான் புக் செய்தேன். மகன் வாங்கிக் கொடுத்த இந்தப் புது போனில் ஒரு காரியத்துக்கு நாலு தடவை தட்ட வேண்டியிருக்கிறது. நெடுந்திட்டு அங்கன்வாடியில் முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளின் எடையும் உயரமும் எழுதின கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மீந்துபோன வருகைப் பதிவேடு ஒன்று பீரோவில் கிடந்தது. அதில்தான் இதை எழுதுகிறேன். அரசாங்கச் சொத்துதான். கேட்டு வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

சாயங்காலம் அம்சவள்ளி உப்பளத்திலிருந்து நேராக வந்தாள். நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். அவள் புருஷன் வேம்பையனும் உப்பளத்துக்காரர்தான். இரண்டு சிறுநீரகமும் போய் ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் டவுனில் டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருப்பதால் நடக்கிறது.

"டீச்சர், அட்டைய வருஷா வருஷம் புதுப்பிக்கணுமாம். இவரு வெரலு மிஷின்ல விழமாட்டேங்குது. போன வருஷம் பத்து தடவ அழுத்தி ஒருதரம் விழுந்துச்சு, இந்த வருஷம் சுத்தமா இல்ல. அப்ப ஓடிபிதான்னு சொல்றாங்க. ஆதார்ல ஒங்க பழைய நம்பருதான் இருக்கு. அது கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே, சரிபண்ண முடியாதா?"

"எப்ப வரைக்கும் டயம் குடுத்திருக்காங்க?"

"இந்த மாசம் முப்பது வரைக்கும் பாப்பாங்களாம். அதுக்கு மேல அட்டை இல்லாம மிஷின்ல படுக்க வைக்க மாட்டாங்களாம்."

நாளைக்கு நைனா கடையில் கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 4, புதன்

நைனா முகமது பஸ் நிறுத்தத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். பழைய நம்பரைச் சொன்னேன். தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது வேற ஆளுக்குப் போயிடுச்சு டீச்சர். மாசக்கணக்குல காசு போடாம கெடந்தா கம்பெனிக்காரன் எடுத்து வேற யாருக்காச்சும் வித்துடுவான். அவங்க சட்டம் அது."

இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் யாரோ வர, நான் கிளம்பிவிட்டேன். ரீசார்ஜ் செய்ய மறந்திருப்பேன். அது என் வீட்டுக்காரர் தவறின வருஷம். எதுதான் நினைவில் இருந்தது.

இந்த நம்பர் கதையை எழுதி வைக்கிறேன், பிற்பாடு யாராவது கேட்டால் ஆகும். பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு ஆதாருக்குப் படம் எடுக்கும் முகாம் என் அங்கன்வாடியில்தான் நடந்தது. திட்டில் அன்றைக்கு நாலைந்து பேரிடம் போன் இருந்தது. அவர்களும் ஆஃபர் வரும்போதெல்லாம் சிம்மை மாற்றுகிறவர்கள். ஒரே நம்பரைக் கட்டிக்கொண்டு அழுதவள் நான் ஒருத்திதான். முகாமுக்கு வந்த பையன் போன் நம்பர் கேட்டபோதெல்லாம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "டீச்சர் நம்பரப் போடுங்க." முப்பத்தெட்டுக் குடும்பம். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அந்த நம்பர் நாளைக்கு எதற்கெல்லாம் வேண்டும் என்று கேட்டவனுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது.

பிறகு ரேஷன், வங்கி, பட்டா, புயல் நிவாரணம் என்று எதைத் தொட்டாலும் ஓடிபி வர ஆரம்பித்தது. எல்லாம் எனக்கு. குளித்துக்கொண்டிருந்தாலும் கதவைத் தட்டுவார்கள். ஓடிபி டீச்சர் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நம்பர் போன பிறகு, விரல் விழுந்தவர்கள் எல்லாம் டவுனுக்குப் போய் வேறு நம்பர் மாற்றிக்கொண்டார்கள். நம்பரை மாற்றுவதற்கும் விரல் வேண்டும். உப்பு தின்ற விரல்காரர்கள் பதினோரு பேர் மாற்ற முடியாமல் அப்படியே நிற்கிறார்கள். வேம்பையன் அதில் ஒருவர்.

ஜூன் 5, வியாழன்

முருங்கை மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. பந்தம் கட்டிக் கொளுத்தினேன். கை காந்துகிறது.

ஜூன் 8, ஞாயிறு

என் பழைய நம்பரை நானே அடித்தேன். மறுமுனையில் ஒருத்தி "ஆருங்க?" என்றாள்.

பெயர் தெய்வானை. கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். விஷயத்தை மெதுவாகச் சொன்னேன்.

"அட, அந்த மெசேஜெல்லாம் உங்க ஊருதுங்களாக்கா? இந்த நம்பரு வாங்குன நாள்ல இருந்து வந்துட்டே இருக்குதுங்க. எவெவரோ பேரு. நானும் அழிச்சு அழிச்சுப் போடுவேன்."

"வேம்பையன்னு ஒருத்தருக்கு உடம்பு சரியில்லம்மா. ஆஸ்பத்திரியில இருந்து ஒரே ஒரு தடவ நம்பர் வரும். அத மட்டும் படிச்சுச் சொன்னா போதும்."

"அதுக்கென்னங்க்கா, சொல்லிப்போடறேன். புண்ணியந்தானுங்க."

ஊர் பேர் தெரியாதவள், ஒரு கேள்வி கேட்காமல் சரி என்றாள். அம்சவள்ளியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கும் இரண்டு இட்லி கூடுதலாக இறங்கிற்று.

ஜூன் 12, வியாழன்

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். வேம்பையன் உள்ளே மிஷினில் படுத்திருந்தார். காப்பீட்டு மேசையில் இருந்த பெண் ஓடிபி அனுப்பினாள். "பத்து நிமிஷந்தான் மேடம்." தெய்வானைக்கு அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. பதினாறு தடவை அடித்தேன். பத்து நிமிஷம் ஆனதும் அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

சாயங்காலம் தெய்வானையே பேசினாள். மில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. காப்பீட்டு மேசைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு.

"அடுத்த வாரம் எனக்கு நைட் ஷிப்டுங்க்கா. பகல்ல வூட்டுலதான் இருப்பேன். திங்கக்கெழம வெச்சுக்கலாங்க."

ஜூன் 16, திங்கள்

தெய்வானை தூங்காமல் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் மேசைக்கு முன்னால் காத்திருந்தேன். காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை சர்வர் இல்லை. நடுவில் ஒருதரம் வந்து, வேம்பையன் பெயரைத் தட்டி முடிப்பதற்குள் போய்விட்டது. "நாளைக்கு வாங்க" என்றாள் அந்தப் பெண். அவளைக் குறை சொல்ல முடியாது, அவளும் சாப்பிடாமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

தெய்வானையிடம் நாளைக்கும் ஒரு நாள் என்று சொன்னபோது பின்னால் ஆண் குரல் கேட்டது. யாரது, எந்த ஊர் என்று விசாரித்தது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று சர்வர் இருந்தது. ஓடிபியும் போயிற்று. எடுத்தது தெய்வானையின் புருஷன்.

"ஏம்மா, எந்த ஊரு நீ? ஓடிபி சொல்லு, ஓடிபி சொல்லுன்னு எத்தன நாளா நடக்குது இது?"

"தம்பி, நான் அங்கன்வாடி டீச்சர். இங்க ஒருத்தருக்கு..."

"எல்லாரும் டீச்சருதான், பேங்க் மேனேசருதான். எம்பொண்டாட்டி வெகுளிங்க. நான் அப்படியில்ல. எம்பட மச்சான் ஒருத்தன் இப்படித்தான் சொல்லிப்போட்டு, பொழுது விடியறதுக்குள்ள பேங்குக் காசத் தொடச்சு எடுத்துட்டானுங்க. இன்னொருக்கா போன் வந்துச்சு, போலீசுக்குப் போயிருவேன்."

வைத்துவிட்டான். அவன் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. யாருக்குப் போன் அடித்தாலும் மணி போவதற்கு முன்னால் பதிவுக் குரலில் ஒரு அம்மாள் அதைத்தானே சொல்கிறாள். இரண்டு மாதம் முன்பு மகளிர் குழுக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று சொல்லிக் கொடுத்தேன்: ஓடிபியை யார் கேட்டாலும், அழுதுகொண்டே கேட்டாலும், சொல்லாதீர்கள்.

ஜூன் 18, புதன்

தெய்வானைக்கு மணியே போகவில்லை. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்றார் நைனா.

ஜூன் 23, திங்கள்

நம்பர் மாற்றும் மையத்துக்கு வேம்பையனை அழைத்துக்கொண்டு போனோம். அம்சவள்ளி அவர் கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி, துணியில் துடைத்து, கல்யாண மாப்பிள்ளைக் கையாக்கிக் கொண்டுவந்திருந்தாள். மையத்தில் இருப்பது அபிநயா என்ற பெண். பொறுமைசாலி. பத்து விரலையும் மூன்று சுற்று வைத்துப் பார்த்தாள். எல்லாம் சிவப்பு.

"கண்ணு பாக்கலாம் சார். இதுல நேரா பாருங்க."

முப்பது வருஷம் உப்பு வெளிச்சத்தைப் பார்த்த கண். வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. இடது கண்ணை மிஷின் பாதி ஏற்றுக்கொண்டது, பாதி மாட்டேன் என்றது. கடைசியில் அபிநயா விசேஷ மனுவாக மேலே அனுப்பிவிட்டு ஒரு சீட்டு கொடுத்தாள்.

"தொண்ணூறு நாளுக்குள்ள மாறிடும் மேடம்."

"முப்பதாம் தேதியோட ஆஸ்பத்திரில நிறுத்திடுவாங்கம்மா" என்றேன்.

"எனக்குப் புரியுது மேடம். இதுல அவசரம்னு போட எடமே இல்ல" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். உண்மையாகவே இல்லை.

வெளியே வந்ததும் வேம்பையன் சீட்டை மடித்து மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தொண்ணூறு நாளு இந்தச் சீட்டு தாங்கும் டீச்சர். நல்ல காயிதம்" என்று சொல்லிச் சிரித்தார். அம்சவள்ளி சிரிக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

இன்றோடு டிரஸ்ட் ஆஸ்பத்திரி முடிந்தது. மேலாளரைப் பார்த்துக் கெஞ்சினேன். அட்டை சரியானதும் அன்றைக்கே சேர்த்துக்கொள்கிறோம் என்றார். தண்ணீர் அளவு, உப்பில்லாச் சோறு என்று எழுதிய தாளைக் கொடுத்தார்கள். உப்பளத்துக்காரருக்கு உப்பில்லாச் சோறு. இதை எழுதும்போது எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

ஜூலை 2, புதன்

என் போனுக்கு ரீசார்ஜ் செய்யப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. நைனா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். நம்பரு போயிடும், போயிடும்னு அப்பவே மூணு வாட்டி ஆளனுப்பிச் சொன்னேன். போனா போவட்டும்னு சொல்லி விட்டீங்க. நான் காசு போட்டு வைக்கட்டுமான்னுகூடக் கேட்டேன். வேணாம்னுட்டீங்க."

எனக்கு அப்படிச் சொன்ன நினைவு இல்லை.

என் வீட்டுக்காரர் காரியத்தன்று ஏழு போன் வந்தது. ஏழும் புயல் நிவாரண ஓடிபிக்கு. மகன் பிண்டம் வைத்துக்கொண்டிருக்கிறான், கூடத்தில் போன் அடிக்கிறது. துக்கம் விசாரித்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஓடிபியை வாங்கிக்கொண்டு விசாரித்தார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுத வந்தது, எழுதினேன்.

ஜூலை 5, சனி

மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரியில் அட்டை இல்லாமலும் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். மூன்று பஸ். விடிவதற்கு முன் கிளம்பி, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இருக்கும் மிஷின்களுக்கு ஏற்கெனவே வரிசை நிற்கிறது. நர்ஸம்மா நல்ல மாதிரி. "வாரத்துல ஒரு நாள் தரேன்மா. அதுவும் யாராச்சும் வராம இருந்தாத்தான். வந்து காத்திருக்கணும்" என்றாள்.

இன்று ஒருவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று மணிக்கு வேம்பையனுக்கு இடம் கிடைத்தது. திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். யாரோ எழுந்து இடம் கொடுத்தபோது அம்சவள்ளியை உட்காரச் சொன்னார்.

ஜூலை 11, வெள்ளி

குறைதீர்க்கும் மனுவை இப்போது ஆன்லைனில்தான் போட வேண்டுமாம். அதற்கும் ஓடிபி. என் புது நம்பருக்கு வந்தது, பிழைத்தேன். ஆயிரம் எழுத்துக்குள் எழுதச் சொல்லியிருந்தது. முகாம், முப்பத்தெட்டுக் குடும்பம், விரல், கண், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் ஆயிரம் எழுத்துக்குள் அடைக்கக் காலை முழுக்க ஆயிற்று. நம்பர் எப்படிப் போயிற்று என்ற இடத்தில் 'தவிர்க்க இயலாத காரணத்தால்' என்று எழுதினேன்.

ஜூலை 15, செவ்வாய்

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. 'தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது. மனுதாரர் அருகிலுள்ள மையத்தை நேரில் அணுகவும்.' கீழே, சேவை திருப்திகரமாக இருந்ததா என்று ஐந்து நட்சத்திரம். தட்டாமல் மூட முடியவில்லை. மூன்று தட்டினேன். முப்பத்தோரு வருஷம் அரசாங்கத்தில் இருந்தவளுக்கு ஒன்று தட்டக் கை வரவில்லை, வெட்கக்கேடு.

ஜூலை 21, திங்கள்

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துப் புகாராம். நாளைக்கு நேரில் வரச் சொன்னார்கள். மகனிடம் சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஸ்டேஷன் வாசலை இன்றுதான் முதன்முதலாக மிதித்தேன். எஸ்.ஐ. மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். அவர் தலைக்கு மேலேயே, ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள் என்ற விளம்பரம் ஒட்டியிருந்தது.

"ஓடிபி கேட்டீங்களா டீச்சர்?"

"கேட்டேன்."

"எத்தன தடவ?"

"மூணு நாளு. ஆளு பொழைக்கிறதுக்காகக் கேட்டேன்."

முழுக்கச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும். ஒங்களப் பாத்தாலே தெரியுது. ஆனா அவனுங்களும் இதத்தான் சொல்றானுங்க. புருஷனுக்குக் கிட்னிங்கிறான், புள்ளைக்கு ஆபரேஷங்கிறான். அந்தப் பொண்ணு எப்படிப் பிரிச்சுப் பாக்கும்?"

இனிமேல் அந்த நம்பருக்குத் தொடர்பு கொள்ள மாட்டேன், யார் மூலமும் ஓடிபி கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும், வழக்கு இல்லை என்றார். ஏட்டு எழுத உட்கார்ந்தவர் பேனாவை என்னிடமே நீட்டினார். "நீங்களே எழுதிடுங்க டீச்சர். ஒங்க எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், எங்க பாப்பா ரிப்போர்ட்ல பாத்திருக்கேன்." எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். நம்பர் மாற்ற முடியாத பதினோரு பேருக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்து அது. வீட்டுக்கு வந்து அம்சவள்ளியிடம் சொன்னபோது, "ஒங்களுக்கு எதும் தொந்தரவு இல்லையே டீச்சர்" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அபிநயா போன் செய்தாள். விரல், கண் விழாதவர்கள் நம்பர் மாற்ற முகத்தைக் காட்டினாலே போதும் என்று புது வழி வந்திருக்கிறதாம். நல்ல பெண், ஞாபகம் வைத்துச் சொன்னாளே. ஆட்டோ வைத்துக்கொண்டு ஓடினோம்.

பெரியாஸ்பத்திரியில் நாலு வாரத்துக்கு இரண்டு தடவைதான் இடம் கிடைத்தது. வேம்பையனுக்கு முகம் வீங்கிக் கண் இடுங்கிப்போயிருக்கிறது. அபிநயா போனை உயர்த்திப் பிடித்தாள். வட்டத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னது, கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினார். பதிவில் உள்ள முகத்தோடு பொருந்தவில்லை என்று வந்தது. ஆறு தடவை. ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து ஒருதரம், நெற்றியைத் துடைத்துவிட்டு ஒருதரம்.

திரையில் அவருடைய பழைய படம் இருந்தது, என் அங்கன்வாடிச் சுவரோரம் உட்கார்ந்து எடுத்தது. ஒட்டிய கன்னம், முறுக்கு மீசை. வேம்பையன் அதைக் குனிந்து பார்த்தார்.

"எனக்கே அடையாளந் தெரியல. மிஷினக் குத்தஞ் சொல்லலாமா?"

அட்டை இல்லாததால் மிஷினில் படுக்க முடியவில்லை. படுக்காததால் முகம் வீங்கிற்று. முகம் வீங்கியதால் அட்டை இல்லை. நான் ஆட்டோவில் ஏறிக்கொண்டு அழுதேன். அவர்கள் இரண்டு பேரும் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ரேஷன் வாங்கி வந்தேன். துவரம்பருப்பு வரவில்லை. வேம்பையனைப் பார்க்கப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. அம்சவள்ளி உப்பளத்துக்குப் போயிருந்தாள். அவருக்கு அரை டம்ளர் டீ போட்டுக் கொடுத்தேன். அதிலும் பாதியை மிச்சம் வைத்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கவா?"

எனக்குத் திக்கென்றது. கேளுங்க என்றேன்.

"இவளுக்கு எழுத்து வராது. நான் போனப்பறம் ஒரு பேப்பரு, மனுன்னு இவ ஒங்க வாசல்லதான் வந்து நிப்பா. அலுத்துக்காம எழுதிக் குடுக்கணும்."

"நீங்க ஏன் இப்படிப் பேசுறீங்க. இன்னும் முப்பத்தெட்டு நாள்ல நம்பர் மாறிடும்" என்றேன். முப்பத்தெட்டு நாள் எவ்வளவு நீளம் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 20, புதன்

என் வீட்டுக்காரர் காரியத்தன்று போன் செய்த ஏழு பேரில் அம்சவள்ளி இல்லை. அன்று முழுக்க அவள் எங்கள் வீட்டுக் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேம்பையன் பந்தலுக்குக் கால் நட்டார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இந்த வாரம் பெரியாஸ்பத்திரிக்குப் போகவில்லை. போன வாரம் பஸ்ஸிலேயே இரண்டு தடவை வாந்தி எடுத்து, போயும் இடம் கிடைக்காமல் திரும்பினார்கள். இனிமேல் பஸ் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். நான் போய் அதட்டினேன். "டீச்சர் அதட்டுனா பயமாத்தான் இருக்கு. ஆனா முடியல" என்றார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு வேம்பையன் போய்விட்டார்.

அம்சவள்ளி சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் எடுத்து என் கையில் கொடுத்தாள். பீடித் துண்டு ஒன்று, பஸ் டிக்கெட், அந்தத் தொண்ணூறு நாள் சீட்டு. எழுபத்தொரு நாள் ஆகியிருக்கிறது. நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டாம்.

செப்டம்பர் 18, வியாழன்

நேற்றுக் காரியம் முடிந்தது. இன்று காலை பத்து மணிக்கு அம்சவள்ளி வந்தாள். விதவை உதவித்தொகைக்குப் பாரம் வாங்கி வந்திருந்தாள். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

எழுத உட்கார்ந்தேன். மனுதாரர் பெயர் எழுதினேன். கணவர் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கு எழுத ஓடவில்லை. இரண்டு மாதமாகத் தொண்டையில் நிற்பதை இன்றாவது இறக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

"அம்சு, அந்த நம்பர் விஷயம்..."

"தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"அதுவா கெடல, நீங்களா வேணாம்னு விட்டதுதான். நைனா அண்ணன் அப்பவே சொல்லிடுச்சு. ரெண்டு வருஷமாவுது." புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் என்னய ஒரு வார்த்த கேக்கல? நான் ஒங்ககூட ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா வந்தேனே. அப்பக்கூடக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க கோவிச்சுக்குவீங்க. பெறவு யாரு எங்களுக்கு எழுதித் தருவா? அவருதான் சொன்னாரு, டீச்சர்கிட்ட எதையும் கேட்டுடாத, அவுங்கள விட்டா நமக்கு ஆளு இல்லன்னு."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். என்னை ஏசியிருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம். ஒரு பாரம் நிரப்ப வேண்டும் என்பதற்காக இரண்டு பேரும் என்னிடம் அடங்கி இருந்திருக்கிறார்கள். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எழுதுங்க டீச்சர். இன்னிக்கே குடுத்தாத்தான் இந்த மாசத்துல சேப்பாங்களாம்" என்றாள்.

எழுதினேன். முகவரி, வயது, இறந்த தேதி. கைபேசி எண் என்று கட்டம் வந்தது. கேட்கத் தோன்றவில்லை, வழக்கம்போல் என் நம்பரை எழுதத் தொடங்கினேன். மூன்று எண் எழுதியிருப்பேன்.

"டீச்சர்" என்றாள். "நம்பரு மட்டும் எங்கண்ணனோடது போட்டுடுங்களேன்."

அவள் அண்ணன் விசைப்படகில் போகிறவர். மாதத்தில் இருபது நாள் கடலில் இருப்பார். அங்கே சிக்னல் கிடையாது. ஓடிபி வந்தால் யார் எடுத்துச் சொல்வார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதைக் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது. எழுதிய மூன்று எண்ணையும் அடித்துவிட்டு, அவள் சொல்லச் சொல்லப் பத்து எண்ணையும் எழுதினேன். சரிதானா என்று ஒருதரம் படித்தும் காட்டினேன்.